பெட்டியில் விழாத உறை

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை. அந்த நாளுக்கு என் குறிப்பேட்டில் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. ஹம் நிலையத்தில் தொடருந்து பதினொரு நிமிடம் பிந்தியது. எசன் நகரக் கலியாண மண்டபத்தில் நானும் மனைவியும் இடப்பக்கம் நாலாவது வரிசையில் இருந்தோம். மணவறையில் இருந்தது நிசப்பூ அல்ல, துணிப்பூ. கத்தரிக்காய்ப் பால்கறிக்கு உப்புக் காணாது. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து விடாமல் எழுதுகிறேன். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கியபோது மழை பெய்ததா என்று கேட்டால்கூட ஏட்டைப் புரட்டிச் சொல்வேன். ஆனால் அந்தச் சனிக்கிழமையைப் பற்றி எனக்குத் தேவைப்பட்ட ஒரே ஒரு வரி அந்த ஒன்றரைப் பக்கத்தில் இல்லை. அக்கா தந்துவிட்ட உறையை மேடையிலிருந்த அன்பளிப்புப் பெட்டியில் போட்டேனா, இல்லையா?

அக்கா என் உடன்பிறப்பு அல்ல. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருப்பவர். முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை. கலியாணம் அவருடைய தம்பியின் மகளுக்கு. தம்பியும் நானும் முன்பு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள், அதனால் எங்கள் வீட்டுக்கு நேரில் வந்து சொன்னார். அக்காவோடு அவருக்கு ஆறு வருடமாகப் பேச்சில்லை. அக்காவுக்கு அழைப்பிதழ் தபாலில் போனது.

"கார்ட் மட்டும்தான் வந்தது. போன் எடுத்து, அக்கா வாங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்ல அவனுக்கு வாய் வரேல்லை. நான் எப்பிடிப் போறது?" என்றார் அக்கா. "ஆனா பிள்ளைக்கு ஒண்டும் குடுக்காமல் இருக்கவும் ஏலாது."

போக முடியாதவர்கள் போகிறவர் கையில் உறையைக் கொடுத்துவிடுவது இங்கே வழக்கம். ஒரே கலியாணத்துக்கு ஐந்து வீட்டு உறைகளை நான் சுமந்துபோனதுண்டு. உள்ளே காசு, வெளியே பெயரும் ஊரும். வீட்டுக்காரர் பிரித்து எழுதி வைப்பார்கள், அடுத்த விசேஷத்துக்கு அதே அளவு திரும்பிவரும். அக்கா நீட்டியது அப்படியல்ல. வெளிர்பச்சை உறை. உள்ளே பூச்செடிகள் விற்கும் கடையொன்றின் குட்ஷைன், காட்டினால் அங்கே பொருள் தரும் பரிசுச் சீட்டு. அதோடு அவர் கையால் எழுதிய ஒரு கடிதம்.

"காசு வைக்கேல்லையோ அக்கா?"

"காசு வைச்சா அவன் கொப்பியில எழுதிப்போட்டு, என்ர மகன்ர கலியாணத்துக்கு அதையே கொண்டுவந்து வைச்சிட்டுச் சரி எண்டு போயிடுவான். இந்தக் குட்ஷைனை என்னெண்டு திருப்பித் தரப்போறான்? அந்தப் பிள்ளை ஏழு வயசு வரைக்கும் என்ர பல்கனியில தக்காளி நட்டு வளந்தது. அவளுக்கு விளங்கும்." உறையை என் கையில் வைத்த பிறகும் அவர் விரலை எடுக்கவில்லை. "ஆரிட்டையும் குடுத்துவிடாதேங்கோ. பெட்டியில நீங்களே போடுங்கோ."

எங்கள் வெள்ளை உறையைக் கோட்டின் வலது உட்பையிலும் பச்சை உறையை இடது உட்பையிலும் வைத்தேன். அது விசேஷங்களுக்கு மட்டும் போடும் கோட். மனைவியோடு மேடை ஏறும்போது படம் எடுக்கிற பெடியன் அவசரப்படுத்தினான். "அண்ணை, இஞ்சாலை பாருங்கோ! அண்ணி, கிட்ட நில்லுங்கோ!" பின்னால் வரிசை நெருக்கியது. திரும்பும்போது தொடருந்தில் இரண்டு பைகளையும் தடவிப் பார்த்தேன். இரண்டும் வெறுமை. அந்தத் திருப்தியில் கத்தரிக்காயைப் பற்றி எழுதினேன்.

திங்கட்கிழமை பேருந்துத் தரிப்பில் அக்கா கேட்டார். "குடுத்தனீங்கள்தானே?"

"ஓம் அக்கா, பெட்டியில போட்டனான்."

யோசிக்காமல் வந்த பதில். வீட்டுக்கு நடக்கும்போதுதான் யோசித்தேன். வெள்ளை உறையைப் போட்டது நன்றாக நினைவிருந்தது. பச்சை உறை கையில் இருந்ததாக நினைவே வரவில்லை. நான் வாசித்த நாட்குறிப்புகளில், எழுதியவர் எதை விட்டுவிட்டார் என்று தேடுவது எனக்குப் பழக்கம். அன்று என் ஏட்டிலேயே தேடினேன்.

"அதில எழுதேல்லையோ?" என்றாள் மனைவி. "உப்புக் காணாதது மட்டும் வடிவா எழுதியிருக்கிறியள்."

மூன்றாவது கிழமை அக்கா வீட்டுக்கே வந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். "பிள்ளை எல்லாருக்கும் நன்றி எழுதி வட்ஸ்அப்பில அனுப்பியிருக்காம். எனக்கு ஒண்டும் வரேல்லை. அவன் என்ர எழுத்தைக் கண்டவுடன கிழிச்செறிஞ்சிருப்பான். அவளுக்குக் காட்டியிருக்கவும் மாட்டான்." கதவடியில் நின்று சொன்னார்: "சரி, இதோட முடிஞ்சுது. இனி அவன்ர செத்தவீட்டுக்கும் நான் போகமாட்டன்."

அதற்குப் பிறகு அக்காவின் தெரு வழியாகக் கடைக்குப் போவதை விட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எங்களுக்கும் நன்றியும் மேடைப் படமும் வந்தன. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் கையில் ஒரு உறை. வெள்ளை. மனைவியின் கையில் கைப்பை மட்டும்.

அலமாரியிலிருந்து கோட்டை எடுத்துக் கட்டிலில் விரித்தேன். இடது உட்பைக்குள் விரலை விட்டபோது அடித்தையல் பிரிந்திருந்தது. விரல் துணிக்கும் உட்துணிக்கும் நடுவே போனது. கீழே, ஓரத்தில், ஏதோ மொரமொரத்தது. மனைவி கத்தரிக்கோலால் உட்துணியைப் பிரித்தாள். பச்சை உறை. மூலையில் மட்டும் சின்ன மடிப்பு.

"இப்பவே தபாலில போட்டுவிடுங்கோ," என்றாள். "தபால் பிந்திப் போனது எண்டு நினைப்பினம்."

"பெட்டியில போட்டன் எண்டு அக்காட்டைச் சொல்லிப்போட்டனே."

"அதை ஆர் சொல்லச் சொன்னது?"

தபால் முத்திரையில் நாள் இருக்கும். அந்த நாள் என் பொய்யைச் சொல்லும். ஆனால் முத்திரை இல்லாவிட்டாலும் என்னால் அனுப்பியிருக்க முடியாது. கிழித்தெறிந்ததாக ஒரு மனிதன்மேல் பழி கிடந்தது. நான் அக்காவின் தம்பிக்குப் போன் எடுத்தேன். உறையைக் கண்டெடுத்ததை முதலிலிருந்து சொன்னேன்.

"அக்கா தந்து விட்டவவோ?" என்று கேட்டார். "பெட்டியைத் திறந்த அண்டைக்கு எல்லா உறையும் நானே பாத்தனான். பிறகு தனிய இருந்து இன்னொருக்காலும் பாத்தனான். அவவின்ர பேர் இல்லை. சரி, என்னை வேண்டாம் எண்டு விட்டிட்டா எண்டு நினைச்சன்." பிறகு, "போனை வையுங்கோ" என்றார்.

அவர் யாருக்கு அழைக்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. என் வாயால் அக்கா இதைக் கேட்க வேண்டும், அவர் வாயால் அல்ல. சப்பாத்தின் கயிறு கட்டாமல் இறங்கினேன். இரண்டு தெருவும் அன்று நீளமாக இருந்தன. மாடியில் அக்காவின் கதவடிக்குப் போனபோது உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது. அழைப்புமணியை அழுத்தினேன். போன் நின்றது. கதவு திறக்கவில்லை. உள்ளே அக்காவின் குரல் மட்டும், சொல் விளங்காமல், ஏறியும் இறங்கியும் கேட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து மணி இருபது. ஐந்து இருபத்தொன்பதுக்குக் கதவு திறந்தது.

போனைக் காதில் வைத்தபடி அக்கா நின்றார். கண் சிவந்திருந்தது. என் கையிலிருந்த உறையைப் பார்த்தார், வாங்கினார், மடிந்த மூலையை விரலால் நிமிர்த்தினார்.

"ஓம், இவர் வாசல்லதான் நிக்கிறார்," என்று போனில் சொன்னார். "ஓமடா, என்ர கையிலதான் இருக்கு. இல்லை, நீ வரவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுவாறன். பிள்ளையை வீட்டில நிக்கச் சொல்லு."

பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களோட பிறகு கதைக்கிறன்."

கதவு மூடியது.