பேய் வராத படமும் நான் பிடித்த கையும்

இன்று வவுனியாவில் பேருந்துக்குக் காத்திருந்தபோது, பக்கத்தில் நின்ற இரண்டு மாணவிகளுக்குள் வாக்குவாதம்.

“பேயே வராத படத்துக்கு என்னண்டடி பயப்பிடுறது?” என்றாள் ஒருத்தி.

என் கணவர் என்னைக் காட்டினார். “இவாவைக் கேளுங்கோ, பிள்ளையள்.”

சொன்னேன்.

எண்பதுகளின் தொடக்கம். உடையார்கட்டு ஊரில் மாமா வீட்டு யன்னல்களைப் போர்வையால் மூடி, பட்டப்பகலில் படம் பார்த்தோம். டிவியும் வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு வந்தவை. படத்தில் ஒரு பெண் வீட்டில் தனியாக இருக்கிறாள். மாடியில் யாரோ நடக்கிற சத்தம். அவ்வளவுதான்.

திடீரென்று படம் மறைந்தது; சத்தம் மட்டும் நிற்கவில்லை. காலடி, மூச்சு, கதவு மெல்லத் திறக்கும் ஓசை. கண்ணுக்கு ஒன்றும் தெரியாததால், அவரவர் பயத்தை அந்தக் கறுப்புத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் பக்கத்திலிருந்த மச்சாள் வசந்தியின் கையை இறுக்கிப் பிடித்தேன்.

வெகுநேரமாகியும் படம் வரவில்லை. “தம்பி, என்ன செய்யிறீர்?” என்று மாமா கத்தினார்.

என் காதருகே ஓர் ஆண்குரல்: “இந்தப் பிள்ளை கையை விட்டாத்தானே ஐயா வயரைக் கொழுவலாம்.”

போர்வையை விலக்கினார்கள். வசந்தி எப்போதோ வெளியே ஓடிவிட்டாள். நான் பிடித்திருந்தது டெக் கொண்டுவந்தவரின் கை. வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு அவரையே கட்டினேன்.

மாணவிகள் சிரித்த சிரிப்பில் அவர்களுடைய பஸ்ஸே போய்விட்டது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன்: அன்றைக்கு இவருடைய மற்றக் கை சும்மாதானே இருந்தது? கேட்டால் சிரிக்கிறார். உங்களுக்கு ஏதும் விளங்குதோ?