ஒரே பூப்போட்ட முப்பது சட்டைகள்

விளம்பரங்களில் என் முகத்தைப் பார்த்தவர்கள் யாருமில்லை. கழுத்துக்குக் கீழேதான் நான் பிரபலம். கல்முனையில் அபாயா அங்கியும் பிள்ளைகளின் உடுப்பும் விற்கும் ஒரு கடையில் விற்பனைக்கு நின்ற காலத்தில், புதிதாக வந்த உடுப்பைக் கடைப் பொம்மைக்குப் போட்டால் அது தரையைக் கூட்டியது. பொம்மை குட்டை, நான் நெட்டை. முதலாளி என்னையே போடச் சொல்லிப் படம் எடுத்தார். முகம் விழக்கூடாது என்பது உம்மாவின் ஒரே நிபந்தனை. அந்தப் படம் கொழும்புக் கடைக்காரர்களின் போனுக்குப் போனது. பிறகு துபாய் வரைக்கும் என்னைக் கூட்டிப்போனது. பள்ளிக்கூடத்தில் என்னைக் கொக்கு என்று கூப்பிட்டவர்கள் இப்போது நான் போட்டுக் காட்டிய உடுப்பைக் கேட்டு வாங்குகிறார்கள். அதில் எனக்குக் கொள்ளைச் சந்தோஷம்.

வாப்பா சம்மாந்துறை அரிசி ஆலையில் மூடை சுமந்தவர். இடுப்பு விழுந்து அவர் படுத்த பிறகு, உம்மா இடியப்பம் அவித்து விற்றுத்தான் எங்களை வளர்த்தார். நோன்புப் பெருநாளைக்கு ஸகாத் என்று தர்மத் துணி வரும். ஊரில் வசதியான ஒருவர் ஒரே துணியை மொத்தமாக வாங்கி, இல்லாத வீடுகளுக்கெல்லாம் வெட்டிக் கொடுப்பார். நல்ல மனிதர், துணியும் நல்ல துணி. ஆனால் பெருநாளன்று மஞ்சளில் நீலப் பூப்போட்ட சட்டையோடு தெருவில் இறங்கினால், இவள் யார் வீட்டுத் துணி போட்டிருக்கிறாள் என்று ஊருக்கே தெரியும். ஒன்பது வயதில் ஒரு பெருநாளைக்கு, வயிற்றுவலி என்று பொய் சொல்லிப் பாயில் சுருண்டு கிடந்தேன். உம்மா ஏதோ கசப்பாக அவித்துத் தந்தார். மறுபேச்சில்லாமல் குடித்தேன்.

இவ்வளவும் பட்ட நான் என்ன செய்தேன் தெரியுமா? கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும், இல்லாத வீட்டுப் பெண்பிள்ளைகள் முப்பது பேருக்கு ஒரே துணியில் பெருநாள் சட்டை தைத்துக் கொடுத்தேன். ஊதாவில் வெள்ளைப் பூ. துணியை நானே தெரிவு செய்தேன். துணியைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும் என்ற திமிர்.

பெருநாள் பின்னேரம் கடற்கரைக்குப் போனேன். ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்தில் நின்ற பெடியன்கள், ஊதாச் சட்டையோடு வந்த ஒரு பிள்ளையைப் பார்த்துக் கத்தினார்கள்: "இந்தா, மொடல் ராத்தாட சட்டை இன்னொண்டு வருது!"

மொடல் ராத்தா, அதாவது மொடல் அக்கா, நான்தான். திரும்பி வரும் வழியில், சட்டை வாங்கிய பிள்ளைகளில் ஒருத்தியின் வீட்டுக்குப் போனேன். வாப்பா இல்லாத பிள்ளை, பன்னிரண்டு வயது. அவளுடைய உம்மா வாசலுக்கு வந்தார்.

"வாங்க மகள். புள்ளைக்கு வயித்துவலியாம். காலையிலருந்து எழும்பல்ல."

எந்த வயிற்றுவலி என்று எனக்குத் தெரியாதா? உள்ளே போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"பிழை என்னிலதான் புள்ள," என்றேன். அவள் திரும்பவில்லை. இனி என் கையால் எதையுமே வாங்கமாட்டாள் என்று பயந்தேன். வெட்கமாகவும் இருந்தது. வீட்டுக்குப் போய் அழுதேன்.

அடுத்த நோன்பில் நான் சட்டை தைக்கவில்லை. நான் வேலைசெய்த அதே கடையில் பேசினேன். முப்பது பிள்ளைகளும் தங்கள் உம்மாமாரோடு, வேறு வேறு நாளில், மற்ற எல்லோரையும் போல வந்து விரும்பியதை எடுக்கலாம். காசுக் கணக்கு எனக்கும் முதலாளிக்கும் இடையில். இருபத்தொன்பது பேர் வந்து போனார்கள். அவள் மட்டும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் ஏதோ சாக்குச் சொல்லி நானும் கடைக்குப் போய் நின்றேன்.

கடைசி நோன்பன்று அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மாவோடு வந்தாள். என்னைப் பார்த்தாள், சலாம் சொன்னாள், நேரே உடுப்புகளிடம் போனாள். ஒவ்வொன்றாக விரித்து, தையலைப் புரட்டிப் பார்த்தாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? ஒரு பச்சைச் சட்டையை எடுத்து நீட்டினேன்.

"இது உனக்கு நல்ல வடிவா இருக்கும்."

"எனக்கு விருப்பமில்ல ராத்தா," என்றாள். "அந்தா மேல கொழுவியிருக்கிறத எடுங்க."

அவளுடைய உம்மா பதறிப்போய், "ராத்தாவோட இப்படியா கதைக்கிற?" என்று அவள் கையில் தட்டினார். நான் முக்காலியில் ஏறி அதை எடுத்துக் கொடுத்தேன். அவள் விரித்துப் பார்த்தாள். அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. அடுத்ததை எடுக்க நான் சந்தோஷமாக மறுபடியும் முக்காலியில் ஏறினேன்.