கமலவேணி நீட்டிய விரல்

காலையில் சைக்கிளை வெளியே எடுத்ததும் சுப்பையன் ஏறி உட்கார்ந்துவிட மாட்டான். ஒரு காலை மிதியில் வைத்தபடி கொஞ்ச நேரம் நிற்பான். பின்னால் கேரியரில் ஆவாங் என்கிற குரங்கு அவன் முதுகைச் சொறிந்துகொண்டிருக்கும். துண்டை வேண்டுமென்றே வீட்டுக்குள் கொடியில் விட்டுவிட்டுத்தான் அவன் வந்திருப்பான்.

இருபத்திரண்டு வருஷமாக அவன் மறந்துவிட்டுப் போன துண்டுக்கெல்லாம் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்துகொண்டிருந்தது. "இந்தாங்க!" புருஷன் பேரைச் சொல்கிற வழக்கம் கமலவேணிக்கு இல்லை. அவளுக்கு அவன் பேரே அதுதான். மெர்டேக்கா சுதந்திரத் திருநாளுக்கு நாலு மாசம் முந்தி, காஜா பேராங் பகுதியிலிருந்த வீட்டு அடுப்படியில் அவள் விழுந்தாள். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. பேச்சு திரும்புமா என்று கேட்டதற்கு டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். உள்ளே நினைப்பு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதையும் சொல்ல முடியாதாம்.

கிளேபாங் தென்னந்தோப்புகளில் குரங்கை ஏற்றிக் காய் பறிப்பதுதான் அவன் தொழில். கயிற்றைச் சுண்டி "பூசிங்" என்றால் ஆவாங் காயைத் திருகும். "துருன்" என்றால் இறங்கிவிடும். ஒன்பது வருஷப் பழக்கம். அது அவன் கையை இழுத்தால் வாழைப்பழம், வாயைத் திறந்து காட்டினால் தண்ணீர். வேறு எதற்கும் அது அவனைக் கூப்பிட்டதில்லை. மடையன், அதே பழக்கத்தில்தான் பெண்டாட்டியையும் பார்த்துக்கொண்டான். கை அசைந்தால் தண்ணீர், முகம் சுளித்தால் போர்வை.

மெர்டேக்காவுக்குக் கட்டிய கொடிகள் தெருவில் இன்னும் வெளுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை செமாபோக்கிலிருந்து அவள் அண்ணன் பொன்னுதுரை வாடகைக் கார் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"தங்கச்சிய நான் கூட்டிட்டுப் போறேன், மாப்பிள்ளை. என் சம்சாரம் பாத்துக்குவா. நீங்க பாட்டுக்குப் பொழுதன்னைக்கும் மரத்தடியில நிக்கிறீங்க. இவளுக்கா, யாரு எவருன்னே தெரியல."

"அதெல்லாம் தெரியும், மச்சான்."

"எப்படி லா தெரியும்? பேச்சு இல்லாதப்ப நெனப்பு மட்டும் எங்கேருந்து வரும்? மனுசனே குரங்குலருந்துதான் வந்தானாம், பேப்பர்ல போட்டிருக்கான். பேச்சு வந்தப்பறந்தான் புத்தியே வந்துச்சாம்."

அதே பயம் நாலைந்து மாசமாகச் சுப்பையனுக்கும் இருந்தது. அவள் போய்விட்டால் காலையில் நின்று காத்திருக்கவும் ஒரு வாசல் இல்லை.

அப்போது பக்கத்துக் கட்டிலில் கிடந்த கமலவேணியின் இடது கை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தது. விரல் வாசல் பக்கம் நீண்டது. தண்ணீர் கொண்டுவந்தான். தட்டிவிட்டாள். வெற்றிலையைக் காட்டினான். தலையை ஆட்டினாள். போர்வையைக் காலால் தள்ளிவிட்டு மறுபடியும் விரலை நீட்டினாள்.

"பாத்தீங்களா? என்ன வேணும்னே அவளுக்குத் தெரியல." பொன்னுதுரை நாற்காலியில் சாய்ந்து, தொப்பையில் கையை வைத்து, வாயிலிருந்த வெற்றிலையை மென்றார்.

சுப்பையன் அப்போதுதான் விரல் போன வழியே பார்த்தான். பொன்னுதுரைக்குப் பின்னால், வாசற்படியில் ஆவாங். கதவில் சாய்ந்து, வயிற்றில் ஒரு கையை வைத்து, எதையோ மென்றுகொண்டிருந்தது. அதே சாய்வு, அதே தாடை.

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். கோணிய வாயின் ஒரு பக்கம் சிரித்தது. கண்கள் குரங்கின் மேல் இல்லை. இவன் பார்த்துவிட்டானா என்று இவன் முகத்தையே தேடிக்கொண்டிருந்தன.

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது அவனுக்கு. கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது.

"என்ன மாப்பிள்ளை, என்ன இளிப்பு?"

"உங்க தங்கச்சி உங்களக் கிண்டல் பண்றா, மச்சான். திரும்பிப் பாருங்க."

பொன்னுதுரை திரும்பினார். ஆவாங்கும் தனக்குப் பின்னால் யார் என்று திரும்பிப் பார்த்தது.

"அவ எங்கேயும் வரல," என்றான் சுப்பையன். கார் அவளில்லாமல் திரும்பிப் போயிற்று; உள்ளே பொன்னுதுரை மட்டும் முறைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாளும் அவன் துண்டைக் கொடியில் விட்டுவிட்டுத்தான் வந்தான். மிதியில் கால் வைத்து நின்றான். குரல் வரவில்லை. உள்ளே போய்த் தானே எடுத்துக்கொண்டான்.

கிளேபாங்கில் ஆவாங் மரத்து உச்சிக்குப் போயிற்று. அங்கிருந்து கடல் தெரியும், கப்பல் தெரியும். ஒன்பது வருஷத்தில் ஒரு நாளாவது கயிற்றைச் சுண்டி, அதோ பார் என்று அது சொன்னதுண்டா? ஆதியில் முதல் முதலாகப் பேசினவன் வார்த்தைக்கா அலைந்திருப்பான்? பக்கத்தில் இருந்தவளின் கையை இழுத்து விரலைத்தான் நீட்டியிருப்பான்.

மேலே ஆவாங் கத்தியது. சுப்பையன் "பூசிங்" சொல்ல மறந்து, சாயங்காலம் அவளுக்குக் காட்ட என்ன கிடைக்கும் என்று கரையெல்லாம் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தான்.