சந்தனம் வைத்த ஃபிளாப்பி

எண்பதுகளின் கடைசியில் உத்திரமேரூர் பஜாரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் டைப்பிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் முதலாளி மெட்ராஸில் இருந்த மச்சானிடமிருந்து ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து, டைப்ரைட்டர்களுக்கு நடுவில் வைத்தார். விஜயதசமி அன்று தமிழ் கம்ப்யூட்டர் வகுப்புக்கு ஆள் சேர்ந்தால் அது இங்கே இருக்கும், சேராவிட்டால் மச்சானிடமே போய்விடும் என்றும் சொல்லிவிட்டார். எட்டு வருஷம் டைப்ரைட்டரைத் தட்டி விரல் காய்த்துப்போனவள் நான். கம்ப்யூட்டரின் மெத்தென்ற சாவிகளை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை.

அதில் இருந்த தமிழ் புரோகிராமில் எழுத்துகளை எந்தப் புண்ணியவான் அடுக்கினானோ, ‘க’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ற’ வந்தது. நல்லவேளையாக, எந்தச் சாவிக்கு எந்த எழுத்து என்று நாமே மாற்றிக்கொள்ள வழி இருந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக டைப்ரைட்டர் வரிசைக்குக் கொண்டுவந்தேன். அந்த செட்டிங் ஒரு சின்ன ஃபைலாக, புரோகிராம் இருந்த இடத்திலேயே பதிவானது. எதற்கும் இருக்கட்டும் என்று ஃபிளாப்பியில் ஒரு காப்பியும் எடுத்து வைத்தேன். அன்றைக்கு என்னை நானே ரொம்ப மெச்சிக்கொண்டேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள், செங்கல்பட்டிலிருந்து ரிப்பேர்காரர் மெஷினைத் துடைத்துக்கொடுக்க வந்தார். சி டிரைவில் இடமில்லை என்று தமிழ் புரோகிராமை அங்கிருந்து அழித்து, டி டிரைவில் புதிதாக இன்ஸ்டால் செய்துவிட்டுப் போனார். என் செட்டிங்கும் அதோடு போயிற்று. யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

மறுநாள் பூஜை. எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தது நான்தான். ஃபிளாப்பியும் ஆயுதம்தானே? உறையோடு வைத்தால் பூஜை உறைக்குத்தான் என்று வெளியே எடுத்தேன். கறுப்பு அட்டையில் நீளமாக ஒரு திறப்பு, பொட்டுக்கென்றே விட்ட இடம் மாதிரி இருந்தது. தாராளமாகச் சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் வைத்தேன்.

விஜயதசமி காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால், பழையபடி ‘க’வுக்கு ‘ற’. வெளியே ஐந்து பேர் வெற்றிலை பாக்கு பழத்தோடு நல்ல நேரத்துக்குக் காத்திருந்தார்கள். நான் பதறவில்லை. காப்பி இருக்கிறதே! காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிவிட்டு ஃபிளாப்பியைச் செருகினேன். கரகரவென்று சத்தம் வந்தது. படிக்க முடியவில்லை என்று மெஷின் சொன்னது. நாலு தரம் சொன்னது. அந்தத் திறப்பு வழியாகத்தான் மெஷின் உள்ளே இருக்கும் தட்டைப் படிக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“இன்னாம்மா, தமிழ் வர்ல?” என்றார் முதலாளி.

“அந்த ரிப்பேர்காரர் எல்லாத்தையும் அழிச்சிட்டுப் போயிட்டாரு சார். அரை மணி நேரம் குடுங்க.”

முதல் நாள் பாடம் எப்போதும் நடு வரிசைதான். அந்தச் சாவிகளை மட்டும் மாற்றினேன். ஐந்து பேரும் ‘யளனகப’ அடித்துவிட்டு சந்தோஷமாகப் போனார்கள். கம்ப்யூட்டர் எங்களிடமே தங்கியது. மீதி எழுத்துகளை அந்த வாரத்துக்குள் மாற்றி முடித்தேன்.

அடுத்த வாரம் ரிப்பேர்காரரை வரவழைத்து, மாணவர்கள் முன்னாலேயே முதலாளி பிடித்துக்கொண்டார். “இன்னாயா வேலை பண்ணிக்கீற? அந்தம்மா மூணு வாரம் ஒக்காந்து செஞ்சது. காப்பி வெச்சிருந்துச்சே, அதும் பூட்ச்சி!”

அவர் ஃபிளாப்பியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். திறப்பின் ஓரத்தில் குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது. தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்கு முகம் சுட்டது. இப்போது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் அதை உறைக்குள் போட்டு மேஜைமேல் வைத்தார்.

“தப்பு என்னுதுதான் சார்.”

அதற்குப் பிறகு முதலாளி அவரைக் கூப்பிடவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.