கும்பகோணத்தில் இறங்கிய குட்டிப் படை

பொம்மைக் கடை வைப்பவனுக்கு இருக்க வேண்டிய முதல் தகுதி, பொம்மைமேல் ஆசை இல்லாமல் இருப்பது. கும்பகோணத்தில் கோர்ட்டுக்குப் போகிற வழியில் கடை போட்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்தத் தகுதி கிடையாது. தன் கடைச் சரக்கில் தானே மயங்கி விழுந்த சக வியாபாரி யாராவது இதைப் படித்தால், என் கஷ்டம் அவருக்குச் சொல்லாமலே புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

படம் வேறு, பெட்டி வேறு

எரிவாயுக் கிணறு வேண்டாம் என்று டெல்டாவில் ஊர் ஊராகப் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்த சமயம். நாட்டு நடப்பைப் பற்றிக் கவலையே இல்லாமல் நான் கொள்முதலுக்குச் சென்னை போனேன். கிரிக்கெட் மட்டையும் பலூனும் வாங்கப் போன இடத்தில், ஒரு கடைக் கண்ணாடிக்குள் அந்தப் பெட்டி இருந்தது. மேஜைமேல் குட்டிக் குட்டி வீரர்களை நிறுத்தி, டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி ஆடுகிற யுத்த விளையாட்டு. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கான செட் என்றார் கடைக்காரர். இரண்டு படை, பகடை, டேப், விதிப் புத்தகம் எல்லாம் உள்ளேயே இருக்கிறதாம். மூடிப் படத்தில் ஒவ்வொரு வீரனும் கவசம் மின்ன நின்றான். விற்கத்தான் வாங்குகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து திறந்தால் உள்ளே வீரர்களைக் காணோம். சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் கை தனி, கால் தனி, தலை தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தன. வெட்டி எடுத்து, ஒட்டி, பெயின்ட் அடிப்பதெல்லாம் வாங்கியவன் பொறுப்பாம். பசையும் பெயின்டும்கூட நாம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். என் மனைவி மலர்விழி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், முழுசாகப் பார்க்காமல் எதற்கும் தீர்ப்புச் சொல்ல மாட்டாள். சட்டங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இது பொம்மை இல்லீங்க. பொம்மை செய்யுற வேலை."

போகிறாரா, வருகிறாரா

கடையில் ஆள் வராத நேரத்தில் ஒட்ட ஆரம்பித்தேன். முதல் நாள் முடிவில் என் கட்டைவிரலும் ஒரு குதிரையும் பிரியாத நண்பர்களாகிவிட்டன. குதிரையோடுதான் வாடிக்கையாளர்களுக்குப் பாக்கிச் சில்லறை கொடுத்தேன். ஆனாலும் விடவில்லை. என் கையால் எழுந்து நின்ற முதல் தளபதியைக் கல்லாமேல் வைத்து, வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று காத்திருந்தேன்.

வலங்கைமானிலிருந்து ஒரு அம்மா தம்பி மகனின் பிறந்தநாளுக்குப் பொம்மை வாங்க வந்தார். தளபதியைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். கால் இரண்டும் முன்னால் ஓட, தலை முதுகுப் பக்கம் திரும்பியிருந்தது. பின்னால் வரும் படைக்கு உத்தரவு கொடுக்கிறார் என்று சமாளித்தேன். அந்த அம்மா அவரைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு, ஒரு பந்தை எடுத்துக்கொண்டு கேட்டார்: "ஏண்ணே, இவரு சண்டைக்குப் போறாரா, சண்டையிலேருந்து வர்றாரா?"

எந்த நிறமும் காலி இல்லை

பெயின்ட் அடிப்பது சுலபம் என்று நினைத்தேன். கடை ஷட்டருக்கு அடித்த கறுப்பும், கேட்டுக்கு அடித்த சிவப்பும் வீட்டில் மீதி இருந்தன. முதல் படைக்கு மேலே கறுப்பு, கீழே சிவப்பு. இரண்டாவது படைக்கு வித்தியாசம் தெரியட்டும் என்று நடுவில் ஒரு வெள்ளைக் கோடு இழுத்தேன். கல்லாமேல் எதிரெதிராக நிறுத்தி வைத்தபோது எனக்கு அழகாகத்தான் பட்டது. சாயங்காலத்துக்குள் கடைக்கு முன்னால் சின்னக் கூட்டம் கூடிவிட்டது. தமிழ்நாட்டில் பிறந்து, ஓட்டும் போட்டு, கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவில் வெள்ளைக் கோடு போட்டால் என்ன அர்த்தம் என்பது உறைக்காத ஒரே ஆள் நான்தான்.

அழித்துவிட்டு வேறு நிறம் யோசித்தேன். மஞ்சளுக்கு ஒரு கட்சி, நீலத்துக்கு ஒரு கட்சி, முழுச் சிவப்புக்கு ஒன்றுக்கு இரண்டு கட்சி. கடைசியில் ஒரு படையைச் சேற்று நிறத்திலும் இன்னொன்றை வைக்கோல் நிறத்திலும் முடித்தேன். அதற்கு முன்பே கட்சி வட்டச் செயலாளர் ஒருவர், வெள்ளை வேட்டி சகிதமாக வந்து இரண்டு படையையும் பார்வையிட்டுவிட்டுப் போயிருந்தார். கோபித்துக்கொள்வாரோ என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "யாரு ஜெயிக்கிறாங்கன்னு மட்டும் சொல்லி அனுப்புங்க தம்பி. கோவப்படுறதா வேணாமான்னு அப்பறம் பாத்துக்கலாம்."

வாய்தா நாள்

படை தயார், ஆட ஆள் இல்லை. மலர்விழி ஒரே ஒரு தடவை ஆடி, என் படையை மேஜையிலிருந்து துடைத்தெடுத்துவிட்டு, விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள். அதனால் கடைக்கு வருகிறவர்களைப் பிடித்து உட்கார வைக்க ஆரம்பித்தேன். ஒருநாள் வலங்கைமான் பக்கத்துக் கிராமத்திலிருந்து கலியமூர்த்தி என்ற பெரியவர், கோர்ட்டில் வாய்தா வாங்கிவிட்டு, பேத்திக்குக் கிலுகிலுப்பை வாங்க வந்தார். டேப்பைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது. உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் தங்கராசு என்று இன்னொருவர் வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்த்தார். ஆட இரண்டு பேர் கிடைத்த சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவரையும் இழுத்து எதிர் நாற்காலியில் உட்கார வைத்தேன்.

இரண்டு பேரும் பங்காளிகள் என்பதும், கோர்ட்டில் எதிரெதிராக நிற்பவர்கள் என்பதும் ஆட்டம் சூடு பிடித்த பிறகுதான் தெரிந்தது. பண்ணையில் ஆளாக இருந்த அவர்களுடைய அப்பாக்கள், கொடி பிடித்து, அடியும் வாங்கிப் பெற்ற நிலம் அது. அண்ணன் தம்பி இருவரும் ஆளுக்குப் பாதி உழுதார்கள். நடுவிலிருந்த வரப்பு நகர்ந்துவிட்டது என்று பிள்ளைகளான இவர்கள் வழக்குப் போட்டு, பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அன்றைக்கும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். டேப்பைத் தொய்வாகப் பிடிக்கிறார் என்று அவர் சொல்ல, வீரனின் மூக்கிலிருந்து அளக்கிறார் என்று இவர் சொல்ல, நான் விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். எதிராளியோடு கைகுலுக்கி ஆரம்பிக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்ததைப் படித்துக் காட்டினேன். கலியமூர்த்தி தலை நிமிராமல் சொன்னார்: "அதெல்லாம் சண்டை தெரியாதவங்க எழுதுனது தம்பி. நீங்க பகடைய உருட்டுங்க."

போலீஸ் இல்லாத சண்டை

அதற்கப்புறம் வாய்தா நாள் தவறாமல் இரண்டு பேரும் வந்தார்கள். ஒரு வாய்தாவுக்கு வரவில்லை. விசாரித்தால், எரிவாயுக் கிணறு தோண்ட அவர்கள் வயலிலேயே கல் நட்டுவிட்டார்களாம், ஊரே பந்தலில் உட்கார்ந்திருக்கிறதாம். தங்கராசு போனில் கூப்பிட்டு, பகல் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, செட்டைக் கொண்டு வர முடியுமா என்று கேட்டார். போராட்டத்துக்கு என் பங்களிப்பு என்ற பெருமையோடு வண்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

ஆட்டம் பாதியில் இருக்கும்போது ஜீப் வந்தது. மேஜையில் இரண்டு படை, நடுவில் கோட்டை என்று வைத்த செங்கல், கையில் டேப்போடு நான். ஏட்டம்மா குனிந்து பார்த்து, இது என்ன திட்டம் என்று கேட்டார். என் கால் தளபதியின் கால் மாதிரி ஓடப் பார்த்தது. விளையாட்டு, வெறும் பிளாஸ்டிக், நான் பொம்மைக் கடைக்காரன் என்று உளறினேன். இதில் போலீஸ் எது என்று கேட்டார். போலீஸே கிடையாது என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நாங்க இல்லாத சண்டை ஒண்ணாவது நடக்குதே. ஆடுங்க, பாக்குறேன்."

பிடி அந்தப் பக்கம்

மத்தியானம் அதிகாரிகள் வந்தார்கள். கல் நட்டிருப்பது புறம்போக்கில்தான், பட்டா நிலத்தில் இல்லை, நீங்கள் எதற்கு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். கலியமூர்த்தி மேஜையிலிருந்த டேப்பை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினார். ஒரு ஆள் உயரத்துக்குக்கூட நீளாத டேப் அது, அங்குலக் கணக்கு. வாய்க்கால் கரையிலிருந்து பட்டா எல்லை எத்தனை அடி என்பது கோர்ட்டுக்கு நடந்து நடந்தே அவருக்கு மனப்பாடம். வாய்க்கால் கரையில் ஒரு நுனியை வைத்துவிட்டு, திரும்பிப் பார்த்தார். பல வருஷத்துக்குப் பிறகு நேராகக் கூப்பிட்டார்: "தங்கராசு, அந்தப் பக்கம் புடி."

குனிவதும் நிமிர்வதுமாக, இளம் பயிருக்குள் இரண்டு பேரும் அளந்துகொண்டே போனார்கள். வெயிலில் அதிகாரிக்குத் தலை சுற்றியிருக்கும். நானும் உதவுகிறேன் என்று இறங்கி, முழங்கால் வரை சேற்றில் புதைந்து, இரண்டு பெண்கள் என்னைப் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. கல் பட்டா நிலத்துக்குள்தான் இருந்தது, நன்றாகவே உள்ளே. ஏட்டம்மாவும் பார்த்தார். முறையாகச் சர்வே செய்துகொண்டு வருகிறோம் என்று போனவர்கள், அந்தப் போகம் முடியும் வரை வரவில்லை. அளந்து போகும்போது அந்த வரப்பையும் தாண்டித்தான் போனார்கள். அது யார் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பது இருவருக்கும் தெரிந்திருக்கும். கரையேறி வந்ததும் நான் மெதுவாகக் கேட்டேன். தங்கராசு காலைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அண்ணே, அது கோர்ட்டு விஷயம்."

பாகம்

அறுப்பு முடிந்து இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். செட்டை விலைக்குக் கேட்டார்கள். வழக்கு வாபஸா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை, அது பாட்டுக்கு நடக்கட்டும் என்றார்கள். சேற்று நிறப் படையைக் கலியமூர்த்தியும் வைக்கோல் நிறப் படையைத் தங்கராசும் எடுத்துக்கொண்டார்கள். தனித்தனியாகக் கொண்டுபோனால் ஆட முடியாதே என்று நான் கவலைப்பட்டேன். ஆட வேண்டுமானால் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் வந்துதானே ஆக வேண்டும் என்று கலியமூர்த்தி சொன்னார். சொல்லும்போது எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். டேப் யாருக்கு என்று கேட்டேன். இரண்டு பேரும் கையை நீட்டவில்லை. கலியமூர்த்திதான் சொன்னார்: "அது உங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி. அவன் கையில இருந்தா எனக்குத் தூக்கம் வராது, என் கையில இருந்தா அவனுக்கு வராது."

இப்படியாக, ஒரு தளபதியின் தலையைக்கூட நேராக ஒட்டத் தெரியாத நான், வலங்கைமான் வட்டாரத்தில் எங்கே யுத்தம் நடந்தாலும் டேப்போடு பஸ் ஏறிப் போகிற உத்தியோகத்தில் சம்பளமில்லாமல் அமர்ந்திருக்கிறேன்.