கற்பிட்டியில் ஒரு முற்றம்

கற்பிட்டியின் பழைய தெருக்களில் தனியாக நடக்கிறேன். எங்கே திரும்ப வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று தொலைபேசியில் பதிந்த ஒரு குரல் காதுக்குள் சொல்லிக்கொண்டே வருகிறது. பச்சைக் கேற்றுக்கு உள்ளே ஒல்லாந்தர் காலத்துத் தூண்கள் இருக்கின்றனவாம். கேற் திறந்தே கிடக்கிறது. முற்றத்துக்குள் போய்ப் படம் எடுக்கிறேன். தூணருகே வெள்ளை உடுத்து அமர்ந்திருந்த ஒரு பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுகிறார்.

அவருடைய மகள் வெளியே வருகிறாள். “நில்லுங்க, நில்லுங்க எண்டு எவ்வளவு கத்தினேன்! வாப்பா மவுத்தாகி உம்மா இத்தாத் துக்கத்தில இருக்கா. வெளி ஆம்பிளையள்ட கண்ணில படக்கூடாது.”

காதில் இருந்ததைக் கழற்றுகிறேன். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எனக்குக் கேக்கேல்ல.”

“வெள்ளக்காரங்க எண்டா தெரியாம வந்துட்டாங்க எண்டு விடலாம். நீங்க தமிழ் கதைக்கிற ஆள்தானே?”

அவள் பார்க்கவே படத்தை அழிக்கிறேன்.

உள்ளேயிருந்து தாயின் குரல் வருகிறது. “போதும் மகள், ஏசாத. வெயிலுக்க நடந்து வந்திருக்கார். குடிக்கத் தண்ணி குடு.”

மகள் கோப்பையை நீட்டுகிறாள். நிமிர்ந்தால் அந்தத் தாய் இருக்கும் அறையின் யன்னல் தெரியும். நிலத்தைப் பார்த்தபடியே குடித்து முடிக்கிறேன்.