குர்மேஜ் கௌர் சிரித்த பாட்டு

குர்மேஜ் கௌருக்கு வயது நாற்பத்திரண்டுதான். சொன்னால் அவளே நம்பமாட்டாள். இருபத்தோரு வயதில் ஜலந்தர் பக்கத்திலிருந்து இங்கிலாந்தின் ஸ்மெத்விக்குக்கு மணப்பெண்ணாக வந்தாள். வந்த மூன்றாம் மாதம் குளிர்கோட்டு தைக்கும் பட்டறையில் மெஷின்முன் உட்கார்ந்தாள். இன்னும் எழுந்திருக்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும். நடுவில் ஒரு பிள்ளை பெற்றுக்கொள்ள எழுந்தாள். இரும்பு வார்க்கும் ஆலையில் வேலை பார்த்த கணவன் நெஞ்சுவலியில் போனபோது பத்து நாள் எழுந்தாள். மற்றபடி காலர்தான். நூற்றுக்கணக்கில் காலர். வலது தோள்பட்டை இடதைவிட ஒரு விரற்கடை கீழே இறங்கிவிட்டது.

அந்தத் திங்கட்கிழமை ப்யாரோ கைப்பையிலிருந்து புதுக் கேசட் ஒன்றை எடுத்தாள். ப்யாரோ பக்கத்து மெஷின்காரி, பட்டறையின் செய்தித்தாள், கல்யாணத் தரகர் எல்லாம் அவளே. சமோசாக் கடையில் வாங்கினாளாம். பிள்ளைகள் எல்லாம் இதற்குத்தான் ஆடுகிறார்களாம். மேற்பார்வையாளன் மேசைமேல் இருந்த டேப்பில் போட்டாள்.

முதலில் வெள்ளைக்காரன் டிஸ்கோவில் அடிக்கிற மாதிரி ஒரு தாளம். அப்புறம் சின்த்தசைசர் என்னவோ இழுத்தது. "கமான், கமான்" என்று ஒரு பையன் கத்தினான். இதெல்லாம் எங்கே போகப்போகிறது என்று பெண்கள் முகத்தைச் சுளிப்பதற்குள் டோல் மேளம் இறங்கிவிட்டது. அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் ஆட்களுக்குத் தோள் தானாக ஆடும். பத்துமணி நேரம் தைத்த தோளாக இருந்தாலும் ஆடும். அதன்மேல் ஒரு பெண்குரல் ஏறியது. குதிரை ஏறும் மாப்பிள்ளைக்குத் தங்கைகள் பாடுகிற பாட்டு.

இரண்டாவது வரியில் பட்டறையே வெடித்துச் சிரித்தது.

எங்கள் மொழியில் குதிரைக்கும் குஷ்டரோகிக்கும் ஏறக்குறைய ஒரே சொல்தான். கோடீ என்று குரலை இறக்கிச் சொன்னால் மாப்பிள்ளை ஏறிவருகிற பெண்குதிரை. ஏற்றிச் சொன்னால் குஷ்டரோகி. பஞ்சாபில் பிறந்த குழந்தைக்கு இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. பேச்சோடு பேச்சாக வந்துவிடும். இந்தப் பெண் ஏற்றிப் பாடியிருந்தாள். அதுவும் நாலு தடவை, கோரஸோடு.

"அண்ணன் குஷ்டரோகி மேல ஏறி வர்றானாம்டி!" ப்யாரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "பாவம், அந்தக் குஷ்டரோகி எப்படித் தாங்குவான்?"

"இந்த ஊர்ல மாப்பிள்ளை வாடகைக் கார்லதான வர்றான். குதிரைய எங்க கண்டா அவ?" என்றாள் பின்வரிசையில் பொத்தான் தைக்கும் த்ரிப்தா.

"காணாட்டிப் போகட்டும், நாக்குகூடவா இல்ல? வாயில என்ன கொழுக்கட்டையா? எவ பெத்த பொண்ணோ!" என்றாள் ப்யாரோ.

குர்மேஜ் கையில் இருந்த காலர் கோணலாகப் போய்விட்டது. வரி முடியும் இடத்தில் மூச்சை மூக்கால் இழுக்கிற அந்தப் பழக்கம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். சளி பிடித்த குழந்தையாக அந்த மூச்சைத் தோளில் போட்டுத் தட்டியவள் அவள். பாடினது ரூப்பி. அவள் மகள். கல்லூரிக்குப் போகிறேன் என்று ஃபைலைத் தூக்கிக்கொண்டு போகிற பதினெட்டு வயது ரூபிந்தர்.

ப்யாரோ அவளைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன குர்மேஜ், உனக்கு மட்டும் சிரிப்பு வரல?"

குர்மேஜ் சிரித்தாள். மற்றவர்களைவிடச் சத்தமாகவே சிரித்தாள்.

சிரிக்காமல் என்ன செய்வது? ரூப்பிக்கு வால்வர்ஹாம்ப்டனில் ஒரு இடம் பேசியிருந்தது. பையனுக்கு மருந்துக்கடை. ப்யாரோவின் நாத்தனார் மகன்தான். அடுத்த மாதம் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். ரூப்பியும் "பாக்கலாம் மம்மி" என்றிருந்தாள். மேடையேறிப் பையன்களோடு பாடுகிற பெண்ணை அந்த வீட்டில் சேர்ப்பார்களா? அப்பா இல்லாத பெண் வேறு. இந்த இடம் அமைந்தால் ஒரு வருடத்தில் மெஷினை விட்டுவிடலாம் என்று குர்மேஜ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அவ்வளவு களைப்பு அவளுக்கு.

தேநீர் வேளையில் கேசட் அட்டையை வாங்கிப் பார்த்தாள். பளபளக்கிற சட்டையில் நாலு பையன்கள். பெண்ணின் படம் இல்லை. கீழே பொடி எழுத்தில் "பாடியவர்: மிஸ் சோனா" என்று இருந்தது.

அன்று ரூப்பியிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. மகள் குளிக்கும்போது ஃபைலைத் திறந்து பார்த்தாள். பாடக் குறிப்புகளுக்குள் ஜரிகைத் துப்பட்டா ஒன்று மடித்து வைத்திருந்தது. கூடவே ஒரு துண்டுச்சீட்டு: புதன்கிழமை, பகல் பன்னிரண்டு மணி, பர்மிங்ஹாமில் நடனம். ராத்திரி வெளியே விடமாட்டார்கள் என்று பட்டப்பகலில் ஆட்டம் வைக்கிறார்கள் இந்தப் பிள்ளைகள். நாலு மணிக்குப் பள்ளிவிட்டு வருகிற மாதிரி வீட்டுக்கு வந்துவிடுவார்கள். என்ன சாமர்த்தியம் என்று ஒரு நொடி அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. உடனே எல்லாவற்றையும் இருந்தபடியே உள்ளே வைத்து மூடினாள்.

தூக்கம் வரவில்லை. மேடை ஏறினது அவளை அவ்வளவாகக் குடையவில்லை. 'எவ பெத்த பொண்ணோ' என்றதுதான் குடைந்தது. ரூப்பிக்குப் பேச்சு வருகிற வயதில் பகலில் அவளைப் பார்த்துக்கொண்டது அடுத்த வீட்டு ஐரிஷ்காரி மிஸஸ் டாய்ல். மாலையில் வீட்டு முன்னறையில் இன்னொரு மெஷின், இன்னொரு மூட்டைத் துணி. அப்போதெல்லாம் மகளிடம் குர்மேஜ் பேசினது மூன்றே பேச்சு. சாப்பிடு. தூங்கு. இந்தக் கட்டு முடியட்டும். இதிலிருந்து ஒரு குழந்தை குதிரையை எப்படிக் கற்கும்? அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் அவளும் சிரித்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

மறுநாள் பாட்டைக் கேட்டு வாங்கிப் போட்டார்கள். அந்த வரி வருமுன்பே சிரிப்புக்குத் தயாரானார்கள். ப்யாரோ டேப்போடு சேர்ந்து பாடினாள், குஷ்டரோகி நடக்கிற மாதிரி காலை இழுத்து நடித்துக் காட்டினாள். "இவளப் பெத்தவ எங்கடி போய்த் தொலைஞ்சா? ஒரு சொல்லுகூடவா சொல்லித் தரல?"

குர்மேஜ் மெஷினை நிறுத்தினாள்.

"எங்கயும் போகல. இங்கதான் காலர் தெச்சுக்கிட்டிருந்தேன்."

"என்னடி சொல்ற?"

"அது ரூப்பி. என் பொண்ணு. அவ பேசக் கத்துக்கிட்டப்ப நான் இந்த மெஷின்ல இருந்தேன். நீயும் பக்கத்துலதான் இருந்தே, ப்யாரோ அக்கா. உன் பசங்க மட்டும் எப்படிப் பேசுறாங்களாம்?"

டேப்பை யாரோ நிறுத்தினார்கள். ப்யாரோவின் கால் இழுத்த வாக்கிலேயே நின்றது. அவள் பெரிய பையன் பஞ்சாபியே பேசுவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றாள் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "என் நாத்தனார்கிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? மேடையில பாடுறான்னா?"

"பாட்டப் போட்டுக் காட்டு."

"இடம் போயிரும் குர்மேஜ்."

"போகட்டும்" என்று சொல்லிவிட்டுக் குர்மேஜ் மெஷினை மிதித்தாள். தையல் நேராக வரவில்லை. அதைப் பிரித்து மறுபடி தைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது ரூப்பி பருப்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். குர்மேஜ் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உன் பாட்டு கேட்டேன்."

"எந்தப் பாட்டு?"

"குஷ்டரோகி மேல அண்ணன் ஏறி வர்ற பாட்டு."

ரூப்பியின் முகம் வெளுத்தது. அடுப்பை அணைத்தாள். "யார் சொன்னா? பட்டறையில போட்டாங்களா? என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க."

"நீ?"

பொய் சொல்லியிருக்கலாம். அதற்கும் தெம்பு வேண்டும். "நானும் சிரிச்சேன். நேத்து. நீதான்னு தெரிஞ்சே சிரிச்சேன்."

ரூப்பி உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"இன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன், என் பொண்ணுதான்னு. வால்வர்ஹாம்ப்டன் போச்சு. கோவம்னா கோவிச்சுக்கோ. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். நான் உனக்கு ஒரு சொல்லு சொல்லித் தந்ததில்ல. இந்தப் பாட்ட யாருடி சொல்லித் தந்தா?"

ரூப்பி திரும்பினாள். விளையாடுகிறாளா என்பதுபோல அம்மாவைப் பார்த்தாள்.

"நீதான்."

"நானா?"

"முன்ரூம்ல மெஷின் ஓட்டிக்கிட்டே பாடுவியே. தினம். நான் சுவத்துக்கு இந்தப் பக்கம் படுத்துக்கிட்டு கேப்பேன். முழுப் பாட்டும் அப்படித்தான் வந்துச்சு. அந்த இடத்துல மட்டும் நீ மெஷின வேகமா மிதிப்பே. சத்தத்துல சரியாக் கேக்காது. நானா யூகிச்சுக்கிட்டேன்."

குர்மேஜுக்குப் பாடிய நினைவே இல்லை. எவ்வளவு யோசித்தும் துணிமூட்டைதான் நினைவுக்கு வந்தது. பாடினாளா? அந்தக் களைப்பிலா? எதுவும் கொடுக்கவில்லை என்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் புரண்டாளே. கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறது குழந்தை.

"அழாத மம்மி. தப்புதான். பசங்ககிட்டச் சொல்லி அந்த வரிய மறுபடி பாடிடறேன். ஒரு நாள் வேலைதான்."

"வேண்டாம்." குர்மேஜ் துப்பட்டா நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அது அப்படியே இருக்கட்டும். அட்டையிலருந்து அந்த மிஸ் சோனாவத்தான் எடுக்கச் சொல்லு. எவ அவ? பாட்டு என்னுது, தொண்ட உன்னுது. நடுவுல அவளுக்கு என்ன வேலை?"